1,84,000 ரூபாய் நின்றுபோன பிறகு படித்த வணிகச் சட்டம்: தொலைநிலை பி.காம். தாள் ஒன்றைப் பற்றி

கடையைப் பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.காம். படிக்க முடியுமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருமே வியாபாரக் குடும்பத்துப் பெண்கள். டிகிரி முழுவதைப் பற்றியும் நான் இப்போது சொல்ல முடியாது, இன்னும் இரண்டு பருவம் பாக்கி இருக்கிறது. மூன்றாம் பருவத்தில் வந்த ‘வணிகச் சட்டம்’ என்ற ஒரு தாளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நான் சேர்ந்ததே அந்தத் தாளுக்காகத்தான். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லும் குறைகள் பல இடங்களிலும் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் எங்கே சேர்ந்தாலும் இதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொன்னால்தான் மற்றது புரியும். ஈரோட்டில் எங்களுக்குத் துண்டு, லுங்கி, போர்வை மொத்த வியாபாரம். மாமனார் காலத்துக் கடை. 2022 தீபாவளிக்குச் சரக்கு எடுத்த தெற்குப் பக்கத்துப் பார்ட்டி ஒருவர் 1,84,000 ரூபாய்க்கு அக்டோபர் 17 தேதி போட்டு ஒரு செக் கொடுத்திருந்தார். 20ஆம் தேதி பணம் போதவில்லை என்று வங்கியிலிருந்து மெமோவோடு திரும்பி வந்தது. போன் பண்ணினேன். “தீபாவளி நேரம், அவ்வளவும் சரக்குல முடங்கிக் கெடக்குக்கா. பொங்கல் கழியட்டும், மொதல் கணக்கு ஒங்களுதுதான்” என்றார். ஏழு வருஷப் பழக்கம். சரி என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்தது. போனை எடுக்கவில்லை. பிப்ரவரி முதல் வாரம் வக்கீலிடம் போனோம். அவர் செக்கையும் மெமோவையும் வாங்கித் தேதியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். “ஏனுங்கம்மா, மெமோ வந்த முப்பது நாளைக்குள்ள நோட்டீஸ் விட்டிருக்கணுமே?” என்றார். அது எனக்குத் தெரியாது. “சரி, அதை விட்டுட்டீங்க. செக் தேதியிலிருந்து மூணு மாசத்துக்குள்ள மறுபடியும் வங்கியில போட்டிருந்தாலாவது, அது திரும்பின தேதியை வெச்சுப் புதுசா நோட்டீஸ் விட்டிருக்கலாம். அதுவும் ஜனவரி பாதியோட முடிஞ்சுபோச்சு” என்றார். பார்ட்டி கேட்ட பொங்கல் கெடுவும் அந்தச் செக்கின் ஆயுளும் ஒரே வாரத்தில் முடிந்திருக்கின்றன. அவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் அன்றைக்கு உறைத்தது. இருபது வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறேன். செக் என்ற காகிதத்துக்கு என்னென்ன கெடு உண்டு என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

2023 ஜூலைச் சேர்க்கையில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், போட்டோ, அவ்வளவுதான். தமிழ்வழி எடுத்தேன்.

இந்தத் தாளின் பாடத்திட்டம் ஐந்து அலகு. முதல் இரண்டும் 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதிகள். மூன்றாவது ஈட்டுறுதி (நஷ்டம் வந்தால் ஈடுகட்டுகிறேன் என்ற வாக்கு), ஜாமீன், ஒப்படைப்பு (திருப்பித் தரும்படி பொருளை ஒருவரிடம் கொடுத்துவைப்பது), அடகு, முகமை (ஒருவருக்காக இன்னொருவர் ஏஜென்டாக நிற்பது). நான்காவது 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். ஐந்தாவதில் 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம், 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் (செக், புரோநோட்டு போன்றவை பற்றியது), நுகர்வோர் பாதுகாப்பு மூன்றையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்குத் தினமும் கைக்கு வருவது அந்தக் கடைசி அலகுதான். அதற்குப் பாடப்புத்தகத்தில் மிகக் குறைந்த பக்கம், வகுப்பிலும் மிகக் குறைந்த நேரம்.

புத்தகம் வந்தது பருவம் தொடங்கி இரண்டரை மாதம் கழித்து. நான்கு முறை தொலைபேசியில் கேட்டேன், அனுப்பியாச்சு என்றே பதில் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறந்ததும் நேராக, செக் திரும்பினால் என்ன என்று சொல்லும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுக்குத்தான் போனேன். ஒரே ஒரு பத்தி இருந்தது. அதில் மெமோ வந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், தண்டனை ஓராண்டு வரை என்று அச்சாகியிருந்தது. வக்கீல் முப்பது நாள் என்றாரே என்று குழம்பிப்போனேன். அவர் சொன்னதுதான் சரி. 138ஆம் பிரிவே 1988இல் கொண்டுவந்த திருத்தத்தால் சட்டத்துக்குள் வந்தது, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. முதலில் 15 நாள், ஓராண்டு என்றுதான் இருந்திருக்கிறது. 2002ஆம் வருஷத் திருத்தம் அதை 30 நாள், இரண்டாண்டு என்று மாற்றிவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் மாறிய விஷயம், நான் பணம் கட்டி வாங்கிய புத்தகத்தில் மாறவில்லை.

நுகர்வோர் பாதுகாப்பும் அப்படித்தான். 1986ஆம் வருஷத்துச் சட்டத்தை வைத்து ‘மாவட்ட மன்றம், 20 லட்சம் வரை’ என்று போட்டிருக்கிறது. இப்போது இருப்பது 2019ஆம் வருஷத்துச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. மன்றம் என்ற பெயரே போய், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஆகிவிட்டது. வரம்பும் 50 லட்சம். சட்டத்தில் பழைய எண்ணைப் படித்து நம்புவது, படிக்காமல் இருப்பதைவிட ஆபத்து. வியாபாரி ஒருவர் அந்தப் பத்தியை நம்பி, 15 நாள் போய்விட்டதே என்று 18ஆம் நாள் நோட்டீஸ் விடாமல் இருந்துவிட்டால் அந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? இதை எழுத்தில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

புத்தகத்துக்கு நான் ஐந்துக்கு ஒன்றரைதான் கொடுப்பேன். அந்த ஒன்றரையும் அதில் இருக்கும் தமிழ்ச் சொற்களுக்காக. முனைவு (ஒப்பந்தத்துக்கு ஒருவர் முன்வைப்பது), ஏற்பு, மறுபயன், தவிர்தகு ஒப்பந்தம் (ஒரு தரப்பு விரும்பினால் ரத்து செய்யக்கூடியது), ஈட்டுறுதி. முதல் வாரம் இவை வாயில் நிற்கவே இல்லை. போகப் போக மறுபயன் என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் ஒன்று செய்ய, அதற்குப் பதிலாக நீ ஒன்று செய்வது அல்லது தருவது. மறுபயன் இல்லாத வாக்கு பொதுவாக நீதிமன்றத்தில் நிற்காது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் கடையில் நடக்கும் பாதிப் பேச்சுகளை இது ஒப்பந்தம், இது வெறும் வாய்ச்சொல் என்று பிரித்துவிடலாம்.

இனி வகுப்பு. இந்தத் தாளின் உயிர் அங்கேதான் இருந்தது. ஈரோட்டிலேயே ஒரு கலைக் கல்லூரியில் ஞாயிறு தொடர்பு வகுப்பு. இந்தத் தாளுக்கு ஐந்து ஞாயிறு, காலை பத்து முதல் மாலை நாலு வரை. வருகை கட்டாயமில்லை என்பதால் பெயர் கொடுத்த நாற்பது பேரில் பதினோரு பேர்தான் வந்தோம். ஒரு காவலர், ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர், நூற்பாலையில் வேலை பார்க்கும் மூன்று பெண்பிள்ளைகள், ஒரு இன்சூரன்ஸ் முகவர். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர். புத்தகத்தை மேசையில் வைத்தார், கடைசி ஞாயிறு வரை அதைத் திறக்கவில்லை.

முதல் நாள் அவர் எடுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு, 1882. ஒரு தாய் தன் நிலத்தை மகளுக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்கிறார். தன் கூடப்பிறந்தவருக்கு வருஷா வருஷம் 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்று அதில் சொல்கிறார். மகளும் அப்படியே கொடுக்கிறேன் என்று அந்த உறவினருக்குத் தனியாக எழுதிக்கொடுக்கிறார். பிறகு கொடுக்க மறுக்கிறார். “எனக்கு நிலம் கொடுத்தது என் அம்மா, நீங்க எனக்கு என்ன கொடுத்தீங்க?” என்பதுதான் அவர் வாதம்.

பேராசிரியர் இங்கே நிறுத்திவிட்டு எங்களைக் கேட்டார். காவலர் மகள் பக்கம். “கேக்கறது நியாயந்தானுங்களே, அவங்க ஒண்ணும் குடுக்கலையே.” நூற்பாலைப் பெண் ஒருத்தி எழுந்து, “அம்மா குடுத்ததே அந்தக் கணக்குக்குத்தானே சார்? நெலத்த வெச்சுக்கிட்டு வாக்க மட்டும் வேண்டாம்னா எப்படி?” என்றாள். அரைமணி நேரம் ஓடியது. எங்கள் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு நிலம், இப்படி ஒரு வாக்கு, இப்படி ஒரு மனஸ்தாபம் இருக்கிறது, அதனால் ஒருவரும் பேசாமல் இருக்கவில்லை. பிறகுதான் அவர் சட்டத்தின் 2(ஈ) உட்பிரிவை வாசித்தார். மறுபயன் வாக்குப் பெற்றவரிடமிருந்து வரலாம், ‘அல்லது வேறு எவரிடமிருந்தும்’ வரலாம். அந்த மூன்று சொல்லால் அந்த உறவினர் ஜெயித்தார். இங்கிலாந்துச் சட்டத்தில் மறுபயன் வாக்குப் பெற்றவரிடமிருந்தே வர வேண்டும் என்பது விதி, நம் சட்டம் இங்கே பிரிந்து போகிறது என்றார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய நீதிபதிகள் தன் பக்கம் பேசிவிட்ட சந்தோஷம்.

பால்ஃபர் எதிர் பால்ஃபர், 1919. எல்லாச் சட்டப் புத்தகத்திலும் இருக்கும் வழக்கு, எங்கள் புத்தகத்தில் இரண்டு வரி. கணவருக்கு இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை. இங்கிலாந்துக்கு விடுப்பில் வந்த இடத்தில் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவரை அங்கேயே விட்டுவிட்டு மாதம் 30 பவுண்டு அனுப்புகிறேன் என்று சொல்லிக் கப்பலேறுகிறார். பிறகு பிரிந்துவிடுகிறார்கள். மனைவி வழக்குப் போட்டுத் தோற்கிறார். கணவன் மனைவிக்குள் அன்பில் சொன்ன வாக்கில் சட்டப்படிக் கட்டுப்படும் எண்ணம் இல்லை என்றது நீதிமன்றம். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் மனசுக்கு ஒப்பவில்லை. உடம்பு முடியாத ஒரு பெண் அந்த 30 பவுண்டை நம்பித்தானே அங்கே தங்கினார்? இதை வகுப்பில் சொன்னேன். பேராசிரியர் மறுக்கவில்லை. விதியைத் தெரிந்துகொண்டு அதோடு சண்டை போடுங்கள், தெரியாமல் போடாதீர்கள் என்றார். கடையில் கணவருக்கும் எனக்கும் இருக்கும் கணக்கைப் பற்றி அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன். கடையின் ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எதிலும் என் பெயர் இல்லை. இப்போது கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, கம்பெனிகளுக்கான பதிவாளரிடம் இல்லை, கூட்டாண்மைகளுக்கான பதிவாளரிடம் பதிவும் செய்துவிட்டோம். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தனக்கு வர வேண்டியதை வெளியாரிடம் கேட்டு வழக்குப் போட முடியாது என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு சொல்கிறது. விதிவிலக்கு 100 ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்கு. 1932இல் வைத்த அந்த நூறு ரூபாய் அப்படியே இருக்கிறது.

இன்னொரு விஷயத்தை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தப்பு என்னுடையது. 2021இல் ஒரு சில்லறைக் கடைக்காரர் ஊதா நிற லுங்கி இருபது டஜன் எடுத்தார். சாம்பிள் பார்த்துத்தான் எடுத்தார். விற்ற பிறகு சாயம் போகிறது என்று பத்து டஜனைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் சாம்பிள் பீஸை எடுத்து அவர் கொண்டுவந்த லுங்கி மேல் விரித்துப் போட்டேன். நிறம், கரை, இழை, அகலம் எல்லாம் ஒன்று. “நீங்க பார்த்து எடுத்த சாம்பிள்தானுங்க இது, ஏதாச்சும் வித்தியாசம் இருந்தா காட்டுங்க” என்றேன். அவரால் காட்ட முடியவில்லை. சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், அதோடு எங்கள் கடைக்கு வரவும் இல்லை.

சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது. மொத்தச் சரக்கும் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்கிறது. நான் அதோடு முடிந்தது என்று நினைத்தவள். அடுத்து வருகிறது: மாதிரியை நியாயமாகப் பரிசோதித்தாலும் தெரியாத குறை, சரக்கை விற்பனைக்கு லாயக்கில்லாமல் ஆக்கும் குறை, இருக்கக் கூடாது. சாயம் போவது கடையில் விரித்துப் பார்த்தால் தெரியாது. துவைத்தால்தான் தெரியும். சாம்பிளிலேயே அந்தக் குறை இருந்தது என்பது என் பக்க வாதம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தப் பிரிவைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை அவருக்குப் போன் பண்ணினேன். மூன்று வருஷம் கழித்து எதற்குக் கூப்பிடுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பத்து டஜனுக்கும் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் பணம் வேண்டாம், சரக்காகக் கொடுங்கள் என்றார். இப்போது மாதா மாதம் எடுக்கிறார். புது லாட் வந்தால் ஒரு பீஸை உப்புத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியோடு காயப்போட்டுப் பார்க்காமல் சாம்பிள் கட்டில் சேர்ப்பதில்லை.

அதே சட்டத்தில் 39ஆம் பிரிவும் எங்களுக்குத் தினசரிச் சங்கதி. வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி லாரி சர்வீஸில் சரக்கை ஒப்படைத்தால், அதுவே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் சட்டம் முதல் பார்வைக்குக் கொள்ளும். புக்கிங் ஆபீஸ் கணக்கர் இதைக் கேட்டுவிட்டு, எல்.ஆர். என்ற லாரி ரசீதை வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்துவிட்டு மூலத்தைத் தொலைத்துவிடும் கடைக்காரர்கள் எத்தனை பேர் என்று பெருமூச்சு விட்டார். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள்தான்.

ஜாமீனைப் பற்றிய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன் போட்டவரின் பொறுப்பு. முதலில் அவரைக் கேள், பிறகு என்னிடம் வா என்று சொல்ல முடியாது. பாங்க் ஆஃப் பிகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சும்மா ஒரு கையெழுத்துத்தானே என்று யாராவது கேட்டால் இந்த வழக்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செக் விஷயம் நாலாவது ஞாயிறு வந்தது. புத்தகத்தில் இருந்த 15 நாள் தப்பு என்று நான் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார், எல்லோரையும் பேனாவால் திருத்தச் சொன்னார். பிறகு கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். கோட்டின் ஆரம்பத்தில் செக் தேதி. அங்கிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும் (2012 ஏப்ரலுக்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது). திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளைக்குள் எழுத்தில் அறிவிப்பு. அறிவிப்பு அவர் கைக்குக் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். புகார் போடத் தாமதமானால் காரணம் காட்டி நீதிமன்றத்தை மன்னிக்கக் கேட்கலாம், அறிவிப்பு தாமதமானால் அந்த வழி கிடையாது. 2015ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, செக்கை நம் கணக்கில் போட்டிருந்தால் நம் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பார்ட்டியின் ஊருக்கு அலைய வேண்டாம். ஒருமுறை நோட்டீஸ் கெடுவை விட்டவர்களும் செக் ஆயுளுக்குள் மறுபடி போட்டு, அது திரும்பினால் புதிதாக நடவடிக்கை எடுக்கலாம் என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் எதிர் பழனியப்பன் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு அது.

அந்தக் கோட்டை நோட்டில் வரையும்போது எனக்குக் கை நடுங்கியது. அக்டோபர் 17, அக்டோபர் 20, நவம்பர் 19, ஜனவரி 17. என் தேதிகளை அந்தக் கோட்டின் மேலேயே எழுதினேன். வகுப்பு முடிந்ததும் அதை அவரிடம் காட்டினேன். அவர் 138ஐப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “சரக்கு போட்டது எப்போம்மா?” என்று கேட்டார். 2022 ஆகஸ்ட் என்றேன். உரிமையியல் வழக்குக்கு மூன்று வருஷம், 2025 ஆகஸ்ட் வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றார். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடும் என்றார். காலவரையறைச் சட்டம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லவே இல்லை. வணிகச் சட்டம் படிப்பவருக்கு அதை ஒரு பக்கமாவது சொல்லாமல் விடுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் பக்கத்துக் கதவு மட்டும் இருந்தது. கெடு முடிந்த கடனைக்கூட எழுத்தில் கையெழுத்திட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் அது செல்லும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 25(3).

2025 மார்ச்சில் நானும் என் கொழுந்தனாரும் அந்த ஊருக்கே போனோம். சண்டை போடவில்லை. கணக்கு விவரத்தை அச்சடித்து, ‘இந்தத் தேதி வரை நான் தர வேண்டிய பாக்கி 1,84,000 ரூபாய்’ என்று கீழே ஒரு வரி போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வருஷக் கணக்கு முடிக்க ஆடிட்டர் கேட்கிறார் என்றேன், அதுவும் உண்மைதான். அவர் வாசித்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றே 20,000 கொடுத்தார். பிறகு இரண்டு தவணையாக நாற்பதாயிரம் வந்திருக்கிறது. இன்னும் 1,24,000 நிற்கிறது.

தேர்வு மூன்று மணி நேரம், 75 மதிப்பெண். இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண் மூன்று. செல்லத்தக்க ஒப்பந்தத்தின் இன்றியமையாக் கூறுகளை விளக்குக, ஈட்டுறுதிக்கும் ஜாமீனுக்கும் உள்ள வேறுபாடு யாது, இந்த மாதிரிதான். ஒரு சம்பவத்தைக் கொடுத்து இதில் யார் பக்கம் சட்டம் என்று கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஐந்து ஞாயிறும் நாங்கள் செய்தது அது ஒன்றைத்தான். மனப்பாடம் செய்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே மதிப்பெண்தான் வந்திருக்கும். எனக்கு 58.

சேர நினைக்கிறவர்களுக்கு என் யோசனை: பாடப்புத்தகத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் மூலத்தையே வாசியுங்கள், இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் திருத்தங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். பிரிவு புரியாவிட்டாலும் அதன் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு புரியும். ஒரு வியாபாரி தவறுதலாக இன்னொருவர் வீட்டில் சரக்கை இறக்கிவிட்டுப் போகிறார், அந்த வீட்டுக்காரர் அதைத் தன்னுடையதுபோல் பயன்படுத்தினால் பணம் கொடுத்தே ஆக வேண்டும், இது 70ஆம் பிரிவு. மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டால் செல்லாது, இது 56. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியவர்கள் கடைவீதியை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் முதல் பிரிவையும் பாருங்கள். கீழைநாட்டு மொழிகளில் எழுதும் ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தை இந்தச் சட்டம் தொடாது என்று அதில் இருக்கிறது. நம் பாட்டன்மார் தமிழில் எழுதிய உண்டியலுக்கு (பணம் கொடுக்கச் சொல்லி வியாபாரிகள் எழுதும் சீட்டு) 1881இலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

தொடர்பு வகுப்பு நடக்கிறதா, நேரிலா, யார் எடுக்கிறார் என்று விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். எங்கள் வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து. புத்தகத்துக்கு ஒன்றரை. தேர்வுக்கு இரண்டு. காலேஜுக்குப் போகும் வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அவனையும் ஒரு ஞாயிறு கூட்டிப் போங்கள். என் மகனுக்குப் பதினேழு வயது, கடையில் ஆர்டர் எடுக்கிறான். மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில், அந்தக் காலத்தில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903இல் சொன்னது. அதே மைனர் எங்கள் முகவராக நின்று ஆர்டர் எடுத்தால் அது எங்களைக் கட்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 184ஆம் பிரிவு. அதைக் கேட்ட நாள் முதல் ஆர்டர் நோட்டில் பார்ட்டி பெயர், ரகம், டஜன், விலை எல்லாம் அவனே நிதானமாக எழுதுகிறான்.

ஏப்ரலில் வேறொரு பார்ட்டியின் 36,000 ரூபாய் செக் திரும்பியது. மெமோ வந்த அன்றே அதன் மூலையில் முப்பதாவது நாளின் தேதியைச் சிவப்பு மையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். ஒன்பதாம் நாள் வக்கீல் நோட்டீஸ் போனது. பதினெட்டாம் நாள் பணம் வந்தது. அந்தப் பார்ட்டி கோபித்துக்கொள்ளவில்லை, போன வாரம்கூடப் போர்வை எடுத்தார்.

ஐந்தாம் பருவத்தில் நிறுமச் சட்டத் தாள் (கம்பெனிச் சட்டம்) வருகிறது. எழுதி முடித்ததும் அதைப் பற்றியும் சொல்கிறேன்.